சனிக்கிழமை கழுவிய மூக்கு டப்பா

மாப்பிள்ளை,

இன்று காலை என் மானம் போனது. பெரிய அளவில் இல்லை, ஒரு துண்டின் அளவில்.

தை மாதக் குளிர். தாராவியில் இந்த வருஷம் பனி கொஞ்சம் கூடுதல். குளிக்கப் போகுமுன் பாட்டிலை எடுத்தால் உள்ளே தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து கிடக்கிறது. உன் அக்கா அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றியிருந்தாள், அங்கே போனால் திட்டு விழும். சரி என்று பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, இளகட்டும் என்று வாசலில் நின்றேன். அந்த நேரம் பார்த்து என் மகள், உன் மருமகள், படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சர் வந்துவிட்டார், பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா என்று விசாரிக்க. படித்தவர்களைக் கண்டால் எனக்குக் கை தானாக எழும்பிவிடும், உனக்குத்தான் தெரியுமே. ரெண்டு கையையும் தூக்கி வணக்கம் சொன்னேன். பாட்டில் நழுவியது. பிடிக்கக் குனிந்தேன். துண்டு என்னோடு குனிய மறுத்துவிட்டது.

டீச்சர் நல்ல மனுஷி. சுவரில் தொங்கிய காலண்டரை, அதில் தன் பெயரை அச்சடித்திருப்பது மாதிரி, ரொம்ப நேரம் படித்தார். உன் அக்கா உள்ளே இருந்து, "வாசல்ல நின்னு என்ன கூத்து நடத்துதிய?" என்றாள். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். பாட்டில் உடையவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் இளகி, நடுவில் வெள்ளையாக நின்றது எண்ணெய். அவ்வளவுதான் மாப்பிள்ளை, என் சிரிப்பு நின்றுவிட்டது. குளிக்காமலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் நீ கேலி செய்யப்போவதில்லை. அந்த ஒரு வசதியும் எனக்கு வேண்டாமாயிருந்தது.

டிராம்பே மலையோரத்துக் கல் குவாரியில் அப்போது நான் ஸ்டோர் குமாஸ்தா, நீ குழிக்குள் மிஷின் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவன். சாயங்காலம் ஏறி வரும்போது உன் கண் இமைகூட வெள்ளையாக இருக்கும். "பாத்தியளா அத்தான், எனக்குக் கல்யாணமே ஆவல, அதுக்குள்ள அறுபதாம் கல்யாணத்துக்கு ரெடி ஆயிட்டேன்" என்பாய். குர்லா ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நீ தலையைத் தட்டினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் நகர்ந்துகொள்வார்கள். அதையும் ஒரு மரியாதை மாதிரி எடுத்துக்கொண்டு நடுவில் நிற்பாய்.

இருமல் முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு பேச்சுக்கு நடுவில் வந்தது. பிறகு சிரிப்புக்கு நடுவில். சயானில் ஒரு டாக்டர் உன் நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்து வைத்துக் கேட்டார். உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் ரெண்டு பேரிடமும் சொன்னார்: "கல் தூசி உள்ளே இறங்கியிருக்கிறது. போனதை எடுக்க முடியாது. இனிமேல் குழியில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கினால் என்னிடம் கூட்டி வரவேண்டாம்." உன் அக்கா வழியெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவள் என்னைத் தொட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது. சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை டிஸ்போசலில் விற்றுக்கொண்டிருந்த காலம். குவாரியில் மழுங்கிப்போகும் துளைக் கம்பிகளைத் தினமும் குர்லாவில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூர் போட்டு வரவேண்டும். இடையில் ரோடு என்று சொல்ல எதுவும் கிடையாது. கல்லும் பள்ளமும், அதைத் தாண்டினால் உப்பளத்து வரப்பும். அதற்காக ஒரு பட்டாள மோட்டார் சைக்கிளை வாங்கிப்போட்டார்கள். நான் மானேஜரிடம் ஓடினேன். என் மச்சினன் மோட்டார் சைக்கிளில் புலி என்றேன். நீ அதுவரை சைக்கிளில்கூட மணியடிக்கத் தெரியாமல் வாயால் கத்திக்கொண்டு போகிறவன்.

செம்பூர் பொட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகினாய். நான் பின்னால் ஓடி வந்து பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு, சைக்கிள் பழக்குகிற ஞாபகத்தில். நீ கிளம்பிப் போய்விட்டாய். நான் புகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கள்ளிப்புதரில் இருந்து உன்னை எடுத்தபோது, "அத்தான், புலி விழுந்திருச்சு" என்றாய்.

ஆனால் பழகிவிட்டாய். மானேஜரும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அந்த வண்டி வந்த மாதமே ஒரு தடவை இஞ்சினுக்குள் தூசி போய் பிஸ்டனைத் தின்றுவிட்டது, பிரித்துச் செலவு செய்திருந்தார். என்னையும் உன்னையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இன்னொரு தடவை இஞ்சினில் மண் போனால் வண்டி பழைய இரும்புக்கு, இவன் பழைய இடத்துக்கு."

அன்றிலிருந்து எனக்கு அந்த வண்டியில் சக்கரமோ விளக்கோ கண்ணில் படாது. பெட்ரோல் தொட்டிக்கு மேலே உட்கார்ந்திருந்த தகர டப்பா ஒன்றுதான் படும். வண்டி குடிக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகவேண்டும். பாலைவனத்து மணலுக்காகச் செய்தது என்று சொன்னார்கள். பட்டறைக்காரர் அதை ஏர் கிளீனர் என்பார். நீ வைத்த பெயர் மூக்கு டப்பா.

சனிக்கிழமை அரை நாள் வேலை. நமக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள், மூக்கு டப்பாவுக்கும் அதுதான் நாள் என்று நீ முடிவு செய்துவிட்டாய். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து, காது வைத்த நட்டைத் திருகி மூடியைத் திறப்பாய். உள்ளே ரெண்டு கம்பி வலைக்கு நடுவில் கம்பளித் தட்டை. தட்டினால் மாவு மாதிரித் தூசி கொட்டும். மண்ணெண்ணெயில் அலசுவாய். பிழியமாட்டாய், "பிள்ளைய முறுக்குவியளா" என்பாய். நிழலில் உலர்த்தி, இஞ்சின் ஆயிலில் நனைத்து, சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கவிடுவாய். அந்தப் பிசுக்கில்தான் தூசி ஒட்டும், காற்று மட்டும் தாண்டிப் போகும். உன் அக்கா முணுமுணுப்பாள்: "மனுஷன் வெளக்குக்கே ரேஷன்ல மண்ணெண்ணெய் இல்ல. வண்டி மூக்குக்கு அபிஷேகம் நடக்கு."

கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. தட்டையை உதட்டில் வைத்து நீ ஊதவேண்டும். எதிரே என் மகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அவள் நெற்றி முடி பறந்தால் கழுவினது சரி. பறந்ததும் அவள் கண்ணைத் திறந்து, "பாஸ்" என்பாள். ஒரு நாள் அப்படிப் பாஸான பிறகு நீ இருமி முடித்துவிட்டுச் சொன்னாய்: "வண்டிக்கு மூக்கைக் கழத்திக் கழுவிடலாம் அத்தான். எனக்குத் திருகாணி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல." நான் உன் முதுகைத் தடவிப் பார்த்து, "இங்கதாம்ல இருக்கு, துரு பிடிச்சிருக்கு" என்றேன். நமக்குள் எல்லாமே அப்படித்தான். கேலியாகச் சொல்ல முடியாததை ரெண்டு பேரும் சொன்னதே இல்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குவாரி ஷெட்டிலேயே திறந்து பார்த்தபோது, கம்பளி கிழிந்து நூல் நூலாக வந்தது. அலசி அலசி இற்றுப்போயிருந்தது. ஸ்டோரில் ஆணி முதல் ஆப்பு வரை என் பொறுப்பில் இருந்தது, அந்தக் கம்பளி மட்டும் இல்லை. மானேஜரிடம் கேட்டால் அன்றைக்கே வண்டியைத் தள்ளிவிடுவார். திங்கட்கிழமை காலை கம்பி போகவேண்டும். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு டப்பாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினோம். நீ ஜன்னலோரம் தூங்கிப்போனாய். வாய் திறந்திருந்தது. உன் மூச்சுச் சத்தம் ரயில் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது போல.

ஞாயிறு விடிந்ததும் சோர் பஜாருக்குப் போனேன். கிழிந்த கம்பளியைக் காட்டிக் கடை கடையாகக் கேட்டேன். ஒருவன் மூக்கைச் சிந்திக் காட்டிச் சிரித்தான். பட்டாளத்துச் சாமான் விற்கிற இன்னொருவன், "காற்றை வடிகட்டத்தானே?" என்று விஷவாயு முகமூடி ஒன்றை எடுத்து நீட்டினான். வண்டிக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிவிட்டேன். வண்டிக்குப் போனவன் ஆளுக்கு வாங்கி வந்தேன். நீ அதை மாட்டிக்கொண்டு உன் மருமகளை யானை மாதிரிப் பயமுறுத்தினாய். கொஞ்ச நேரத்தில் அவசரமாகப் பிய்த்து எறிந்தாய், முகமெல்லாம் வேர்வை. "இதுக்குள்ள மூச்சு இழுக்க இன்னொரு ஆளு வேணும் அத்தான்."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேறு வழி எதுவும் தோன்றவில்லை. உன் அக்கா உள்ளே போனாள். வரும்போது கையில் அவள் சவுரி. சீப்பில் வருகிற முடியைக்கூடக் கீழே போடாமல் பைக்குள் சுருட்டி வைத்து, வருஷக்கணக்காகச் சேர்த்து, சவுரி கட்டுகிறவளைக் கூப்பிட்டுக் கட்டிய முடி. கல்யாணம் காட்சிக்கு மட்டும் வைத்துப் பின்னிக்கொள்வாள். அதை நம் எதிரில் கத்தரித்து, சிக்கெடுத்து, உதறினாள். "கம்பளியும் ஆட்டு முடிதானல. இது மனுஷ முடி. ஆட்டைவிடக் கேவலமா?" என்றாள் உன்னிடம்.

வலைக்கு நடுவில் முடியை வட்டமாகச் சுற்றி அடுக்கினோம். மெத்தை மாதிரி உட்கார்ந்தது. முடி என்றால் எண்ணெய் இல்லாமல் அவள் கை போகாது, தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவித்தான் சிக்கெடுத்திருந்தாள். எப்போதும் வண்டியோடு வீட்டுக்கு வரும் இஞ்சின் ஆயில் டின் இந்தத் தடவை குவாரியிலேயே நின்றுவிட்டது. "எண்ணெய் போட்டாச்சுல்லா, பிறகென்ன?" என்றாய் நீ. நானும் ஆமாம் என்றேன். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை பார். மத்தியான வெயிலில் நீ ஊதினாய், மகளின் முடி பறந்தது. பாஸ்.

திங்கள் காலை பல் கிட்டுகிற குளிர். குவாரி மலைக்கு மேற்கே, அங்கே வெயில் வர நேரமாகும். டப்பாவைப் பூட்டி நீ உதைத்தாய். வண்டி ரெண்டு தும்மல் தும்மிக் கரும்புகை கக்கி நின்றது. மறுபடி உதைத்தாய். உதைக்க உதைக்க உனக்குத்தான் மூச்சு வாங்கியது. பிளக்கைக் கழற்றித் துடைத்தோம், பெட்ரோலைப் பார்த்தோம். மானேஜர் வந்துவிட்டார். சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார். "இது என்னடா, கல்யாண வீட்டு வாசனை வருகிறது?" என்று இந்தியில் கேட்டார். "போ, மிஷினை எடு" என்றார் உன்னிடம். நான் முன்னால் போய் நின்றேன். "சார், வெயில் ஏறினால் ஓடும் சார்." அவர் என்னை ஸ்டோரைப் பார்க்கச் சொன்னார். நீ என் தோளைத் தட்டிவிட்டு, "விடுங்க அத்தான், பழைய வீடுதான" என்று குழிக்குள் இறங்கினாய்.

டப்பாவைத் திறந்தேன். உள்ளே முடியெல்லாம் வெள்ளை வெளேரென்று, பனியில் வைத்த நெய் மாதிரி உறைந்திருந்தது. ஒரு ஊசி காற்று போக இடமில்லை. நெருப்பில் காட்டலாம் என்றால் பக்கத்தில் வெடிமருந்துக் கொட்டகை, அங்கே பீடி பற்றவைத்தால்கூட வேலை போய்விடும். டப்பா இல்லாமல் கிளப்பலாம் என்றால் எதிரே லாரியில் ஜல்லி கொட்டித் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. கீழே உன் மிஷின் சத்தம் ஆரம்பித்துவிட்டது. டடடட என்று என் பல்லுக்குள் கேட்டது.

சட்டையைத் தூக்கி அந்தத் தட்டையை வெறும் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் போய்க் குதித்தேன், உட்கார்ந்து எழுந்தேன், உடம்பில் சூடு ஏறட்டும் என்று சுவரை முட்டித் தள்ளினேன். ஒரு லாரி டிரைவர் பார்த்துவிட்டு, பைத்தியம் என்று கையைச் சுழற்றிக் காட்டிப் போனான். எண்ணெய் இளகி என் தொப்புளில் இறங்கி, கால்சட்டை நனைந்து, முழங்கால் வரை வடிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

கொண்டுவந்து மாட்டி நானே உதைத்தேன். என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் வண்டியை உதைத்தது. பிடித்துக்கொண்டது. நிறுத்தத் தெரியாது, அதனால் முறுக்கினேன். மலையே அதிர முறுக்கினேன். உன் மிஷின் சத்தம் கீழே நின்றது. மானேஜர் வந்து ஈரக் கால்சட்டையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, குழிப்பக்கம் கையைக் காட்டி, "அவனைக் கூப்பிடு" என்றார்.

நீ ஏறி வந்தாய். தலை முதல் கால் வரை வெள்ளை. என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, "பயத்துல போயிட்டியளா அத்தான்?" என்றாய். சிரிக்க ஆரம்பித்தாய். அது இருமலாக மாறியது. அன்றைக்கு அது நிற்க வெகுநேரம் ஆனது, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய், நான் பார்க்காத மாதிரி.

முடியை மண்ணெண்ணெயில் அலசி இஞ்சின் ஆயிலில் நனைத்தபிறகு அந்த மூக்கு டப்பா ஒரு நாளும் வம்பு செய்யவில்லை. கம்பளியைவிட நன்றாகப் பிடித்தது. நாம் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். உன்னை இனி யாரும் குழியில் இறக்க முடியாது.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. கழுவி, உலர்த்தி, நனைத்து, சொட்டி முடிந்தது. மகள் வழக்கம்போல வந்து நின்று கண்ணை மூடினாள். நீ தட்டையை உதட்டில் வைத்து ஊதினாய். அவள் முடி அசையவில்லை. மறுபடி ஊதினாய். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. "மாமா, இன்னும் ஊதலியா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

நீ தட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இனி எத்தனை வருஷம் இருந்தாலும் மறக்கமாட்டேன்.

"இங்க குடுல" என்று வாங்கி என் உதட்டில் வைத்தேன். கன்னத்தை உப்பினேன், முழியைப் பிதுக்கினேன். மகளின் முடி அசையவில்லை. "எனக்கும் போவலியே மாப்ள. அடைச்சிருக்கு. உங்க அக்கா முடியில்லா, அவளை மாதிரியே பிடிச்சா விடமாட்டேங்குது" என்றேன்.

உன் அக்கா உள்ளே போய், யாரும் கேட்காமலே, மிச்சமிருந்த மண்ணெண்ணெயை எடுத்து வந்து வைத்தாள். மறுபடி கழுவினோம். மறுபடி நனைத்தோம். இந்தத் தடவை நானே ஊதினேன். முடி பறந்தது. "பாஸ்" என்றாள் பிள்ளை. நீ மெதுவாகத் தலையாட்டி, "அடைச்சுத்தான் இருந்திருக்கு" என்றாய். முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் ரெண்டு தடவை கழுவுவது நம் வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் பல ராத்திரி விளக்கில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது மழை பிடித்திருந்தது. தலையணை மேல் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நீ ஆள் தேடுகிற மாதிரி காற்றைத் தேடினாய்.

"அத்தான், இந்தச் சனிக்கிழமை கழுவினியளா?"

"கழுவினேன்ல."

"அடைச்சிருந்துச்சா?"

"அடைச்சிருந்துச்சு. ரெண்டு தடவை கழுவினேன்."

"அப்ப சரி" என்றாய். என் கையைப் பிடித்திருந்தாய். உன் உள்ளங்கையில் இஞ்சின் ஆயில் வாசனை அப்போதும் போகவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதற்கு முன்னால் அந்தத் தட்டையை மட்டும் கழற்றிக்கொண்டேன். நானும் குவாரியை விட்டுவிட்டேன், இப்போது வடாலாவில் ஒரு ஸ்டோரில் இருக்கிறேன். உன் அக்கா பிறகு முடி சேர்க்கவில்லை. சீப்பில் வருவதை ஜன்னல் வழியே விட்டுவிடுகிறாள்.

டீச்சர் போன பிறகு பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தேன். முடி அப்படியே இருக்கிறது, ஆயில் காய்ந்து கறுத்து. மகள் வந்து பார்த்தாள். ரெண்டு வருஷத்தில் வளர்ந்துவிட்டாள், பழசெல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் என் எதிரில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ஊதினேன். நெற்றி முடி எழுந்து வகிடு வரை போனது.

"பாஸ்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "ஏம்ப்பா, மாமாவுக்கு மட்டும் ஏன் பறக்கலை?" என்று கேட்டாள். அடைத்திருந்தது என்று அவளிடமும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை முதல் தடவை கழுவியபோதே அது சுத்தமாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை. நான்தான் அப்போது ஊதவே இல்லை.